பகடையின் பங்கு எவ்வளவு?
பாவனை பேஸ்பால் லீக்கில் அணிகளைத் தரவரிசைப்படுத்துவது பற்றி

1981ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 14 அன்று கிளீவ்லாந்து நகரில் நடந்திருக்க வேண்டிய ஆல்-ஸ்டார் ஆட்டம் நடக்கவில்லை. ஆனால் அந்த நாளில் அதே மைதானத்தில் வேறொரு ஆட்டம் நடந்தது. ஒரு மேசை, சில பகடைகள், வீரர்களின் பெயர் பொறித்த அட்டைகள். ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற மேசை விளையாட்டைக் கொண்டு அந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்கள். அது விடுமுறைப் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் பல பத்தாண்டுகளாகப் பாவனை லீக்குகளை நடத்தி வருகிறார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணி சேர்க்கிறார்கள். முழு சீசனும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளிகளையும் எழுதி வைக்கிறார்கள். கடைசியில் அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள்.

இக்கட்டுரை அந்தக் கடைசிச் செயலை மட்டும் ஆராய்கிறது. பாவனை லீக்கில் ஓர் அணியின் புள்ளிவிவரம் எதற்குச் சான்று? அந்த அணி சாதித்ததற்கா, அதன் வலிமைக்கா? இரண்டும் ஒன்றென்று நினைத்தே பெரும்பாலான தரவரிசைகள் தயாராகின்றன. இரண்டும் வேறு என்பதும், அந்த வேறுபாட்டை உண்மையான லீக்கைவிடப் பாவனை லீக்கில்தான் தெளிவாக அளக்க முடியும் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

அட்டையும் பகடையும்

முதலில் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். ஜே. ரிச்சர்ட் சீட்ஸ் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து 1951இல் வெளியிட்ட ‘ஆப்பா’ விளையாட்டில் இரண்டு பகடைகள் உண்டு. பெரிய பகடையின் எண்ணைப் பத்தாமிடமாகவும் சிறியதை ஒன்றாமிடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 விளைவுகள் கிடைக்கும். மட்டையாளரின் அட்டையில் அந்த 36க்கும் ஒவ்வோர் எண் இருக்கும். தளங்களில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து, அந்த எண்ணுக்குரிய முடிவைப் பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 1961இல், ஹால் ரிச்மன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த மாற்றம் சிறியதாகத் தோன்றும், விளைவு பெரிது. இதில் மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறியும் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்பதைக் காட்டும். ஆக, மொத்தம் 216 வாய்ப்புகள். அவற்றில் 108 மட்டையாளருடையவை, 108 பிட்சருடையவை. இந்த விளையாட்டில் ஊறியவர்கள் ஒரு வீரரின் தரத்தை ‘108இல் இத்தனை’ என்றே பேசிக்கொள்வார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பிறக்கிறது. நிஜ பேஸ்பாலில் ஒரு வீரரின் உள்ளார்ந்த திறன் யாருக்கும் தெரியாது. அவர் ஆடியதிலிருந்து ஊகிக்க வேண்டும். பாவனை லீக்கில் அது அட்டையில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த வீரருக்குக் காய்ச்சல் வராது, பதற்றம் வராது, ஒரே சீசனுக்குள் வயதும் ஏறாது. அட்டை சொல்வதற்கும் சீசன் முடிவில் பதிவேடு சொல்வதற்கும் இடைவெளி இருந்தால், அதற்குக் காரணம் இரண்டாகத்தான் இருக்க முடியும்: பகடை, அல்லது அணியை நடத்தியவரின் முடிவுகள்.

வெற்றிக் கணக்கின் தள்ளாட்டம்

பகடை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்? பலர் நினைப்பதைவிட மிக அதிகம். நிஜ லீக்கைப் போல 162 ஆட்டம் ஆடும் சரிசமமான அணி ஒன்று சராசரியாக 81 வெல்லும். அந்த எண்ணிக்கையின் திட்ட விலக்கம் 6.4 ஆட்டம். அதாவது, எந்தக் குறையும் நிறையும் இல்லாத அணி 75 வெற்றியோடும் முடிக்கலாம், 87 வெற்றியோடும் முடிக்கலாம். இரண்டிலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பத்து அணிகள் உள்ள லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே அட்டைகளைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சீசன் முடிவில் முதலிடத்து அணி ஏறத்தாழ 91 வெற்றிகளோடும், கடைசி அணி ஏறத்தாழ 71 வெற்றிகளோடும் நிற்கும். இருபது ஆட்ட வித்தியாசம்! அதைப் பார்ப்பவர்கள் முதலிடத்து அணியின் ‘வெல்லும் மனநிலை’ பற்றியும் கடைசி அணியின் குலைவு பற்றியும் பேசத் தொடங்குவார்கள். அட்டைகளோ ஒன்றுதான்.

குறுகிய தொடர்களில் இது இன்னும் கடுமை. ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 சதவீதம் வெல்லும் வாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 61 சதவீதம்தான். ஐந்து தொடரில் இரண்டைப் பலவீனமான அணி எடுத்துக்கொண்டு போய்விடும்.

நிஜ பேஸ்பாலின் மிகப் புகழ்பெற்ற சான்று 1960 உலகத் தொடர். நியூயார்க் யாங்கீஸ் அந்த ஏழு ஆட்டங்களில் 55 ஓட்டம் எடுத்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27. யாங்கீஸ் வென்ற மூன்று ஆட்டங்கள் 16-3, 10-0, 12-0. அணியின் மட்டைச் சராசரி .338, எதிரணியுடையது .256. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் யாங்கீஸ்தான் மேலே. ஆனால் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னால் 10-9 என்று பைரேட்ஸ் கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது. கோப்பை யாருக்கு என்பதில் ஐயமில்லை. எந்த அணி வலியது என்பது தனிக் கேள்வி; 1960இன் பதிவேடு இரண்டுக்கும் வெவ்வேறு விடையைத் தருகிறது.

ஓட்டங்களின் சாட்சியம்

வெற்றி தோல்வியைவிட உறுதியான சாட்சி ஓட்டங்கள் என்பதை 1980களின் தொடக்கத்தில் பரவலாக்கியவர் பில் ஜேம்ஸ். எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்த, கொடுத்த ஓட்டங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த அணி பெற்றிருக்க வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும் என்றார். வர்க்கங்கள் வருவதால் அதற்குப் பித்தாகரஸ் பெயர் ஒட்டிக்கொண்டது. அனுபவத்தில் கண்ட சூத்திரம் இது. பின்னாளில் ஸ்டீவன் மில்லர் என்ற கணிதவியலாளர், ஓட்டங்கள் வைபுல் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால் இதே வடிவம் கிடைப்பதைக் காட்டினார்.

2016 டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியை எடுத்துக்கொள்ளலாம். 765 ஓட்டம் எடுத்தது, 757 கொடுத்தது. சூத்திரப்படி 82 வெற்றி. பதிவேட்டில் 95 வெற்றி, அமெரிக்கன் லீக்கில் முதலிடம். எப்படி? ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அந்த அணி 36 வென்று 11 மட்டுமே தோற்றது. மற்ற ஆட்டங்களில் 59-56; அதாவது சாதாரண அணி. நெருக்கமான ஆட்டங்களை வெல்லும் தனித்திறன் அதற்கு உண்டா என்ற விவாதம் அப்போது சூடாக நடந்தது. அந்த ஆண்டுப் பிளேஆஃப் சுற்றில் டொரொண்டோவிடம் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. மறு சீசனில் 78 வெற்றி.

ஒன்றை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பதால் இன்னும் இரண்டு. 2012 பால்டிமோர் ஓரியோல்ஸ் ஒரு-ஓட்ட ஆட்டங்களில் 29-9; மொத்தம் 93 வெற்றி, சூத்திரம் சொன்னது 82. மறு ஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20-31. 2007 அரிசோனா டைமண்ட்பேக்ஸ் எடுத்ததைவிட 20 ஓட்டம் அதிகமாகக் கொடுத்தும் 90 வெற்றியோடு நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு 82. நெருக்கமான ஆட்டங்களை வெல்வது நிலையான குணமாக இருந்திருந்தால் அது அடுத்த ஆண்டும் கூடவே வந்திருக்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இறங்கும் பிட்சர்கள் மிகச் சிறந்தவர்களாக இருந்தால், நெருக்கமான ஆட்டங்களை ஓர் அணி கொஞ்சம் அதிகமாகவே வெல்லும். சூத்திரம் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சாதகம் ஒரு சீசனுக்கு ஓரிரு வெற்றி அளவில் நிற்கக்கூடியது; பதின்மூன்றை அது விளக்காது.

பாவனை லீக்குகளுக்கு இந்தச் சூத்திரத்தில் ஒரு திருத்தம் அவசியம். ஓட்டம் அதிகம் விழும் லீக்கில் ஒரு ஓட்டத்தின் மதிப்பு குறைவு. எனவே ‘வர்க்கம்’ என்ற நிலையான அடுக்குக்குப் பதிலாக, இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரி ஓட்டத்தை 0.287 அடுக்குக்கு உயர்த்திக் கிடைக்கும் எண்ணைப் பயன்படுத்துவது ஆய்வாளர்கள் வழக்கம். ஆட்டத்துக்கு 9 ஓட்டம் என்றால் அடுக்கு 1.88, 14 ஓட்டம் என்றால் 2.13. நிஜ லீக்கில் ஓட்ட அளவு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமே மாறும். எல்லாக் காலத்து நட்சத்திரங்களையும் கலந்து ஆடும் பாவனை லீக்கில் அது எங்கு போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே பழைய வர்க்கச் சூத்திரத்தை அப்படியே பொருத்துவது கவனக்குறைவு.

எந்தப் புள்ளி, எவ்வளவு எடை

ஓட்டங்களுக்கும் அடியில் இறங்கி, மட்டைச் சராசரி, ஹோம் ரன், வாக் (நான்கு தவறான பந்துகளுக்குப் பிறகு மட்டையாளருக்குத் தரப்படும் முதல் தளம்) ஆகியவற்றைக் கொண்டும் அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். பேஸ்பாலின் புள்ளிப் பழக்கம் கிரிக்கெட்டோடு தொடர்புடையது. ஸ்கோர் பதிவை வடிவமைத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். வாக் கிடைப்பது மட்டையாளரின் திறமையால் அன்று, பிட்சரின் பிழையால் என்பது அவர் எண்ணம். மட்டைச் சராசரியில் வாக்குக்கு இன்றும் இடமில்லை.

அந்தக் குறையைச் சரிசெய்ய நூறாண்டுக்கு மேல் பிடித்தது. கனடாவின் பாதுகாப்பு ஆய்வாளர் ஜார்ஜ் லிண்ட்சே, ஆட்டங்களின் நிகழ்வுவாரிப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வொரு நிகழ்வும் எத்தனை ஓட்டம் பெறும் என்று கணக்கிட்டார். 1984இல் ஜான் தார்னும் பீட் பாமரும் வெளியிட்ட நூலில் அந்த எடைகள் முழு வடிவம் பெற்றன: ஒற்றைத் தள அடிக்கு 0.46 ஓட்டம், இரட்டைக்கு 0.80, ஹோம் ரன்னுக்கு 1.40, வாக்குக்கு 0.33. ஏறத்தாழப் பத்து ஓட்டம் ஒரு வெற்றிக்குச் சமம் என்ற கணக்கும் அதே மரபில் வந்தது.

இந்த எடைகள் இருந்தும், லீக்குகளில் அதிகம் காணப்படுவது வேறொரு முறை: ஒவ்வொரு பிரிவிலும் அணியின் இடத்தைக் குறித்து, அந்த இட எண்களைக் கூட்டுவது. இதன் தோற்றுவாய் 1980இல் டேனியல் ஓக்ரென்ட் நண்பர்களோடு நியூயார்க்கில் தொடங்கிய ராட்டிசரி விளையாட்டு. எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் இடத்துக்கேற்பப் புள்ளி. அங்கே அதுதான் ஆட்ட விதி; எல்லாரும் அந்த விதிக்கு ஏற்ப அணி சேர்க்கிறார்கள், ஆகவே அது நியாயம். ஆனால் பகடை உருட்டி ஓட்டம் எடுத்து வெற்றி தோல்வி காணும் லீக்கில் அதே முறையை வலிமையின் அளவுகோலாக்குவது தவறு.

காரணம் எளிது. ஓர் அணி 240 ஹோம் ரன், அடுத்தது 239, மூன்றாவது 180 என்று வைத்துக்கொண்டால், ஒன்று வித்தியாசத்துக்கும் ஒரு புள்ளி, ஐம்பத்தொன்பது வித்தியாசத்துக்கும் ஒரு புள்ளி. போதாக்குறைக்கு, மட்டைச் சராசரி, மொத்த அடிகள், ஓட்டங்கள் என்று மூன்று பிரிவு வைத்தால் ஒரே திறமை மூன்று முறை எண்ணப்படுகிறது. ஆராய்ந்த முறைகளில் இதுவே மிகப் பலவீனமானது. இதைக் கைவிட வேண்டும்.

அட்டைக்குள் உறைந்த அதிர்ஷ்டம்

அட்டையே வீரரின் உண்மைத் திறன் என்று மேலே சொன்னது பாவனை லீக்கின் எல்லைக்குள் சரி. ஆனால் அந்த அட்டை எங்கிருந்து வந்தது? நிஜ சீசன் ஒன்றின் பதிவேட்டிலிருந்து. அந்தச் சீசனிலும் அதிர்ஷ்டம் இருந்தது.

1957 மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் பாப் ஹேசல் என்ற வீரர் கடைசிக் கட்டத்தில் வந்து 134 முறை மட்டை பிடித்து .403 சராசரி எடுத்தார். அவருடைய பெரிய லீக் வாழ்க்கை 1958உடன் முடிந்துவிட்டது. நிஜத்தில் அது சில வாரங்களின் அற்புதம். அட்டையில் அது நிலையான குணம். அந்த அட்டையை நாள்தோறும் ஆட விட்டால் முழு சீசனும் ஹேசல் .400 அடிக்கும் வீரர். அதனால்தான் பொறுப்பாக நடத்தப்படும் லீக்குகள், ஒரு வீரர் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் ஆடக் கூடாது என்று வரம்பு வைக்கின்றன. வரம்பு இல்லாத லீக்கின் தரவரிசையில் முதலிடம் என்பது, குறைவாக ஆடி நிறைய அடித்தவர்களைத் தேடிப்பிடித்த சாமர்த்தியத்தின் வரிசை.

பிட்சர்களின் அட்டையிலும் இதே சிக்கல். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அடியாகுமா, அவுட்டாகுமா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு மிகக் குறைவு என்று வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதியபோது பேஸ்பால் உலகம் அதிர்ந்தது. பின்வந்த ஆய்வுகள் அந்தக் கூற்றைச் சற்றுத் தளர்த்தின, அடிப்படை நின்றது. அந்த வகை அதிர்ஷ்டமும் பிட்சரின் 108 வாய்ப்புகளுக்குள் திறமை போல அச்சாகிவிடுகிறது.

காலக் கலப்பு வேறு. 1968இல் பாப் கிப்சனின் இ.ஆர்.ஏ. 1.12, 2000இல் பெட்ரோ மார்டினஸுடையது 1.74. (தடுப்புப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஓட்டம் அது, குறைந்தால் நல்லது.) எண்ணை மட்டும் பார்த்தால் கிப்சன் மேல். ஆனால் 1968 நேஷனல் லீக்கின் சராசரி 2.99, பிட்சர்கள் அளவுக்கு மீறி ஓங்கிய அந்த ஆண்டுக்குப் பிறகுதான் பந்தெறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 2000 அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.91. கிப்சன் தன் காலத்துச் சராசரியில் 37 சதவீதம் ஓட்டம் கொடுத்தார், மார்டினஸ் 35 சதவீதம். லீக் எந்தக் கணக்கில் அட்டைகளை ஏற்கிறது என்று சொல்லாமல் அணிகளின் பிட்சிங் புள்ளிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மைதானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும். பாவனை விளையாட்டுகளும் மைதானத்துக்கு எண் கொடுக்கின்றன. அத்தகைய மைதானத்தைச் சொந்தமாகக் கொண்ட அணி மட்டையில் முதலிடமும் பிட்சிங்கில் கடைசியிடமும் பிடிக்கும். இரண்டுமே அணியைப் பற்றிய செய்தியாக இராது. எடுத்த, கொடுத்த ஓட்டங்களின் விகிதம் இந்தத் திரிபைப் பெருமளவு தாங்கும். மொத்த ஓட்டம் தாங்காது.

சராசரியை நோக்கி இழுத்தல்

மீதமிருப்பது, குறைந்த ஆட்டங்களைக் கொண்டு எவ்வளவு துணிந்து பேசலாம் என்ற கேள்வி. நிஜ லீக்குக்கு ஆய்வாளர் டாம் டாங்கோ பரப்பிய எளிய வழி ஒன்று இருக்கிறது: அணியின் பதிவோடு, பாதிக்குப் பாதி வென்றதாக 70 கற்பனை ஆட்டங்களைச் சேர். 40 ஆட்டத்தில் 28 வென்ற அணியின் வெற்றி விகிதம் .700. சேர்த்தபின் 110இல் 63, அதாவது .573. அந்த அணியின் வலிமைக்கு உகந்த மதிப்பீடு அதுவே.

ஆனால் 70 என்ற எண்ணை அப்படியே பாவனை லீக்குக்கு எடுத்துவரக் கூடாது. அது, அணிகளிடையே திறன் பரவலாக வேறுபடும் நிஜ லீக்குக்குக் கணக்கிட்டது. சம்பள உச்சவரம்பு வைத்து, சமமான வாய்ப்போடு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் லீக்கில் அணிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். அணிகளின் உண்மையான வெற்றி விகிதத்தின் திட்ட விலக்கம் .040 மட்டுமே என்றால், சேர்க்க வேண்டியவை 156 ஆட்டம். அங்கே அதே 28-12 அணியின் மதிப்பீடு .541க்கு இறங்கிவிடும். லீக் எவ்வளவு நியாயமாக அமைக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதன் பட்டியல் வலிமையைப் பற்றிக் குறைவாகவே சொல்லும். லீக் நடத்துபவர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள், கணக்கு தயங்குவதில்லை.

கணினியில் ஆடும் லீக்குகளுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது: அதே அணிகளை, அதே அட்டவணையை, ஆயிரம் முறை ஆடவிடலாம். ஒரு சீசனின் 6.4 ஆட்டத் தள்ளாட்டம் ஆயிரம் சீசன் சராசரியில் 0.2 ஆகச் சுருங்கும். அப்போது கிடைக்கும் வரிசை அட்டைகளின் வரிசை. நடந்து முடிந்த சீசனில் ஓர் அணி அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் பகடையும் மேலாளரும் சேர்ந்து செய்த வேலை. ஒரே மேலாளர் பல சீசன்களில் தொடர்ந்து மேலே விலகினால் மட்டுமே அவருடைய திறமையைப் பற்றிப் பேச ஆதாரம் உண்டு. ஒரு சீசன் விலகல் எதையும் நிறுவாது.

இந்த ஆய்வின் முடிவு இரண்டு பட்டியல் வேண்டும் என்பது. கோப்பைக்கு வெற்றிப் பட்டியல்; அதில் யாரும் கை வைக்க வேண்டாம், பகடையில் விழுந்தது விழுந்ததுதான். வலிமைக்குத் தனிப் பட்டியல்: அந்த லீக்கின் ஓட்ட அளவுக்கேற்ற அடுக்கோடு கணித்து, மைதானத்துக்குத் திருத்தி, சராசரியை நோக்கி இழுத்த வெற்றி விகிதம்; பக்கத்திலேயே அதன் பிழை அளவு. பாவனை லீக் நடத்துபவர்கள் அடுத்த சீசனிலிருந்து இரண்டையும் தனித்தனியே வெளியிட வேண்டும். பிழை அளவைவிட இடைவெளி குறைவாக உள்ள அணிகளை வலிமைப் பட்டியலில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.